தலைப்பு ரெடி, கேள்வி எங்கே? முதல் ஆய்வு முன்மொழிவு எழுதுகிறவர்களுக்கு

செமஸ்டர் தொடங்கிய பத்தாவது நாளிலிருந்து என் மேசைக்கு ஸ்பைரல் பைண்டிங் போட்ட கட்டுகள் வர ஆரம்பித்துவிடும். பன்னிரண்டு பக்கம், பதினைந்து பக்கம். முகப்பில் பல்கலைக்கழகச் சின்னம், அதன் கீழே மூன்று வரிக்கு ஓடும் தலைப்பு, தலைப்பின் கடைசியில் 'ஓர் ஆய்வு' என்று ஒரு வால். "இதில் என்ன கண்டுபிடிக்கப் போறீங்க?" என்று கேட்டால், கொண்டுவந்தவர் தலைப்பையே இன்னொரு தடவை வாசித்துக் காட்டுவார்.

இதற்கு மாணவரை மட்டும் குறை சொல்ல முடியாது. இளங்கலையில் மூன்று வருடம், முதுகலையில் இரண்டு வருடம், யாரோ போட்ட கேள்விக்குப் பதில் எழுதித்தான் அவருக்குப் பழக்கம். ஒருநாள் திடீரென்று "கேள்வியையும் நீயே போடு" என்றால் கை ஓடாது. முதுகலைக் கடைசி செமஸ்டர் ப்ராஜெக்ட்டுக்கோ பிஎச்.டி. பதிவுக்கோ முதல்முறையாக முன்மொழிவு எழுத உட்காருகிறவர்களை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். நான் சமூக அறிவியல் பக்கம் என்பதால் எடுத்துக்காட்டுகள் அங்கிருந்து வரும். ஆய்வகத்தில் வேலை செய்கிறவர்கள் முறையியல் பகுதியைத் தங்களுக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளலாம்.

முதலில் ஒரு சொல் குழப்பம். 'சினாப்சிஸ்' என்பதைச் சில இடங்களில் பதிவின்போது கொடுக்கும் முன்மொழிவுக்குச் சொல்வார்கள். வேறு சில இடங்களில், ஆய்வேட்டைச் சமர்ப்பிப்பதற்குச் சற்று முன்பு கொடுக்கும் சுருக்கத்துக்கு அதே பெயர். சீனியரிடம் மாதிரி வாங்கும்போது எந்த சினாப்சிஸ் என்று கேட்டு வாங்குங்கள். இரண்டாவது வகையைப் பார்த்து முன்மொழிவு எழுதினால், இன்னும் செய்யாத ஆய்வுக்கு முடிவுரை எழுதிக்கொண்டிருப்பீர்கள். நடந்திருக்கிறது.

மேசைக்கு அந்தப் பக்கம்

யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) 2016இல் கொண்டுவந்த பிஎச்.டி. ஒழுங்குமுறை, சேர்க்கை நேர்காணலில் மூன்று விஷயங்களைப் பார்க்கச் சொன்னது. இந்த வேலையைச் செய்யும் திறன் இவருக்கு இருக்கிறதா? இந்த நிறுவனத்தில் அதைச் செய்ய முடியுமா? இதனால் புதிதாக ஏதாவது தெரியவருமா? 2022 நவம்பரில் புதிய ஒழுங்குமுறை வந்து பழையதை எடுத்துவிட்டது. ஆனால் மேசைக்கு அந்தப் பக்கம் உட்காருகிறவர்கள் இன்றும் சுற்றிச் சுற்றி அந்த மூன்றைத்தான் கேட்கிறார்கள். புதிய விதிப்படி உங்கள் முன்மொழிவைப் பார்த்துத் தலைப்பை இறுதி செய்வது ஆய்வு ஆலோசனைக் குழு. பழக்கத்தில் பலரும் இன்னும் 'டிசி', அதாவது டாக்டரல் கமிட்டி என்றே சொல்கிறார்கள்.

நீங்கள் எழுதும் ஒவ்வொரு பத்தியும் அந்த மூன்றில் ஒன்றுக்காவது பதிலாக இருக்க வேண்டும். இல்லையென்றால் அந்தப் பத்தி எதற்கு? 'பெண்மை பழங்காலந்தொட்டே போற்றப்பட்டு வந்துள்ளது' என்று தொடங்கும் அறிமுகம் மூன்றில் எதற்கும் பதில் இல்லை. அதைத் தயங்காமல் அடித்துவிடலாம்.

எழுதத் தொடங்கும் முன் உங்கள் பல்கலைக்கழகத்தின் விதிமுறைத் தாளை வாங்கி ஒருதரம் முழுதாகப் படியுங்கள். பக்க வரம்பு, உட்தலைப்புகள், மேற்கோள் காட்டும் பாணி, எத்தனை பிரதி எல்லாம் அதில் இருக்கும். அரை மணி நேர வேலை. அதைச் செய்யாமல் விட்டால் உள்ளடக்கத்தைப் பார்க்கும் முன்பே அலுவலகத்தில் திருப்பிவிடுவார்கள்.

தலைப்பிலிருந்து கேள்விக்கு

திக்கிப்போகும் இடம் இதுதான், அதனால் இங்கே கொஞ்சம் நிதானமாகப் போவோம்.

ஒரு மாணவி இப்படி ஒரு தலைப்போடு வருகிறார் என்று வைத்துக்கொள்வோம்: 'தமிழ்நாடு அரசின் மகளிர் நலத்திட்டங்களின் தாக்கம்: விருதுநகர் மாவட்டத்தைச் சிறப்பாகக் கொண்டு ஓர் ஆய்வு'. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் எந்தத் திட்டம்? உரிமைத் தொகையா, புதுமைப் பெண்ணா, கட்டணமில்லாப் பேருந்தா? தாக்கம் என்றால் எதன் மீது? வருமானம், படிப்பு, உடம்பு, வீட்டில் முடிவெடுக்கும் உரிமை, எது? 'தாக்கம்' என்ற சொல் தலைப்பில் இருந்தாலே எனக்கு ஒரு சந்தேகம் வரும். எதை அளக்கப் போகிறோம் என்று முடிவு செய்யாதவர்கள் ஒதுங்கும் நிழல் அது.

சரி, பேருந்து என்று குறுக்குகிறார். சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் 2021 மே 8 முதல் நடைமுறைக்கு வந்தது. அடுத்து அவர் மனதில் வருவது, 'இதனால் பெண்களுக்கு எவ்வளவு பணம் மிச்சமாகிறது?' இது கேள்விதான், சந்தேகமில்லை. ஆனால் இதை மாநிலத் திட்டக்குழு ஏற்கெனவே கேட்டு, ஆய்வு செய்து, அறிக்கையும் வெளியிட்டுவிட்டது. ஒரு தனி ஆள் அதே கணக்கைச் சின்ன அளவில் திரும்பப் போட்டால் புதிதாக என்ன கிடைக்கும்?

இந்த இடத்தில் நான் எல்லோருக்கும் சொல்வது ஒன்றுதான்: மடிக்கணினியை மூடிவிட்டு, ஒருநாள் பேருந்து நிறுத்தத்தில் போய் உட்காருங்கள். அருப்புக்கோட்டையைச் சுற்றி உள்ள ஏதாவது ஒரு கிராமத்து நிறுத்தத்தில் காலை ஆறு மணியிலிருந்து பத்து மணிவரை உட்கார்ந்தால் போதும். டிக்கெட் இலவசம் என்பதைப் பற்றி அங்கே பேச்சு சீக்கிரம் முடிந்துவிடும். பஸ் எத்தனை மணிக்கு வரும், நேற்று ஏன் வரவில்லை, அதை விட்டால் அடுத்தது எப்போது என்பதுதான் பேச்சாக ஓடும். காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று என்று வரும் ஊரும் உண்டு, மணிக்கு ஒன்று வரும் சாலையோர ஊரும் உண்டு. இரண்டு ஊரிலும் திட்டம் ஒன்றே. கிடைப்பதும் ஒன்றாகவே இருக்குமா?

இப்போது கேள்வி தானாக வந்துவிட்டது: 'நாளைக்கு இரண்டு முறை மட்டும் நகரப் பேருந்து வரும் கிராமத்துப் பெண்கள் வேலைக்குப் போகும் தூரமும், மணிக்கொரு பேருந்து வரும் கிராமத்துப் பெண்கள் வேலைக்குப் போகும் தூரமும் எவ்வளவு வேறுபடுகின்றன? கட்டணமில்லாப் பயணம் அந்த வேறுபாட்டைக் குறைத்திருக்கிறதா?'

இது நல்ல கேள்வி என்று எப்படித் தெரிகிறது? பதில் 'இல்லை' என்றும் வரலாம் என்பதால். முன்கூட்டியே பதில் தெரிந்த கேள்வியை ஆய்வு என்று சொல்லிக் கமிட்டி முன் வைத்தால், அவர்கள் கொட்டாவி விடுவார்கள். உங்கள் கேள்வியைத் துறைக்குச் சம்பந்தமே இல்லாத ஒருவரிடம், உங்கள் அம்மாவிடமோ மெஸ் அண்ணனிடமோ, ஒரே வாக்கியத்தில் சொல்லிப் பாருங்கள். "அட, ஆமா, என்னன்னு பாரு" என்றால் பாதி தாண்டிவிட்டீர்கள். "நல்லா படிம்மா" என்று பேச்சை மாற்றினால் கேள்வி இன்னும் வரவில்லை.

தமிழ் இலக்கியம் படிப்பவர்களுக்கு இதே சிக்கல் வேறு உடையில் வரும். 'குறுந்தொகையில் பறவைகள்' என்பது தலைப்பு. 401 பாடல்களையும் எடுத்துப் பறவைப் பெயர்களைப் பட்டியல் போட்டால் அகராதி கிடைக்கும், ஆய்வு கிடைக்காது. நெய்தல் பாடல்களில் பறவையின் ஒலி எப்போது தலைவியின் பேச்சுக்குப் பதிலாக நிற்கிறது, எப்போது வெறும் பின்னணியாக இருக்கிறது என்று கேட்டால், பாடலைத் திரும்பப் படிக்க ஒரு காரணம் பிறக்கிறது.

முன்னாய்வுகள்: படிப்பது வேறு, அடுக்குவது வேறு

வழக்கமாக வரும் முன்னாய்வுப் பகுதி எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். ஒரு பெயர், அடைப்புக்குறிக்குள் ஆண்டு, அவர் என்ன கூறினார். அடுத்த பெயர், ஆண்டு, என்ன கூறினார். முப்பது பேர் முடிந்ததும் 'எனவே இந்த ஆய்வு அவசியமாகிறது' என்று ஒரு வரி. வாக்காளர் பட்டியல் மாதிரி. அந்த முப்பது பேரும் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்ளவே இல்லை.

அதோடு அந்தக் கடைசி வரிக்கு முன்னால், 'இந்த மாவட்டத்தில் இதுவரை யாரும் ஆய்வு செய்யவில்லை' என்று இடைவெளியைக் காட்டியிருப்பார்கள். தமிழ்நாட்டில் 38 மாவட்டம் இருக்கிறது. இந்தக் கணக்குப்படி ஒரே தலைப்பில் 38 பிஎச்.டி. கொடுக்க வேண்டும். இடம் மாறுவதால் பதிலும் மாறும் என்பதற்கு ஒரு காரணம் காட்ட முடிந்தால் மட்டுமே இடம் ஒரு இடைவெளி. மற்றபடி அது வரைபடத்தில் வெள்ளையாகக் கிடக்கும் ஒரு கட்டம், அவ்வளவுதான்.

எங்கே தேடுவது? இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகளுக்கு சோத்கங்கா. குஜராத்தின் காந்திநகரில் உள்ள இன்ஃப்லிப்நெட் நடத்துவது, இலவசம். ஆய்வேட்டை இயல் வாரியாகத் தனித்தனிக் கோப்பாகப் போட்டிருப்பார்கள். முழுவதையும் இறக்கி வைத்துக்கொண்டு மலைக்க வேண்டாம். முதல் இயல், கடைசி இயல், துணைநூற்பட்டியல் மூன்றை மட்டும் முதலில் திறங்கள். கடைசி இயலில் 'மேலும் ஆய்வதற்குரியவை' என்று ஒரு பகுதி இருக்கும். முன்னால் போனவர் விட்டுவைத்த வேலைகள் அங்கே கிடக்கும். அதே நிறுவனத்தின் சோத்கங்கோத்ரி பலருக்குத் தெரிவதில்லை. அதில் இருப்பவை பதிவுக்குக் கொடுத்த முன்மொழிவுகள், அதாவது நீங்கள் இப்போது எழுதப்போகும் அதே சரக்கு. உங்கள் துறையில் பத்தைப் படித்தால் எது நன்றாக இருக்கிறது, எது சொதப்பல் என்று உங்களுக்கே பிடிபட்டுவிடும். சொதப்பலும் நிறையவே உண்டு, அதனால் கண்ணை மூடிக்கொண்டு மாதிரியாக எடுக்காதீர்கள்.

கட்டுரைகளுக்கு கூகுள் ஸ்காலர். நல்ல கட்டுரை ஒன்று சிக்கினால் அதன் கீழே 'இதை மேற்கோள் காட்டியவை' என்ற இணைப்பைச் சொடுக்குங்கள். பின்னால் வந்தவர்கள் எல்லாம் வரிசையாக நிற்பார்கள். பணம் கட்டினால்தான் திறக்கும் இதழ்களுக்கு, 2025 ஜனவரியிலிருந்து 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டம் நடக்கிறது. அரசு உயர்கல்வி நிறுவனம் என்றால் உங்கள் நூலகரிடம் அதற்கான கணக்கு கேட்டு வாங்கலாம். கேட்காமலே முதுகலை முடித்துப் போகிறவர்கள் ஏராளம்.

அரசுத் திட்டங்கள் பற்றிய ஆய்வென்றால் இன்னொரு சுரங்கம் உண்டு. ஒவ்வோர் ஆண்டும் மானியக் கோரிக்கையின்போது துறைகள் சட்டமன்றத்தில் வைக்கும் கொள்கை விளக்கக் குறிப்பு. போக்குவரத்துத் துறையின் குறிப்பில் பேருந்து எண்ணிக்கை, பயண எண்ணிக்கை எல்லாம் வரும். தமிழிலேயே கிடைக்கும். இலக்கியம், வரலாறு பக்கம் போகிறவர்களுக்குத் தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம், எழும்பூரில் தமிழ்நாடு ஆவணக் காப்பகம், உட்கார்ந்த இடத்திலேயே தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம், ஈழத்து வெளியீடுகளுக்கு நூலகம் தளம்.

படித்ததை எப்படி வைத்துக்கொள்வது? நாற்பது பக்க நோட்டில் குறுக்கும் நெடுக்கும் கோடு போட்டு ஐந்து பத்தி பிரியுங்கள்: யார், எந்த ஊரில், யாரைக் கேட்டார்கள், எப்படி அளந்தார்கள், எதை விட்டுவிட்டார்கள். பதினைந்து கட்டுரை முடிந்ததும் ஐந்தாவது பத்தியை மட்டும் மேலிருந்து கீழாகப் படியுங்கள். பேருந்து மாணவியையே எடுத்துக்கொள்வோம். டெல்லியில் 2019இல் வந்த திட்டம், கர்நாடகத்தில் 2023 ஜூனில் வந்தது, தெலங்கானாவில் 2023 டிசம்பரில் வந்தது என்று எல்லாவற்றைப் பற்றியும் எழுதப்பட்டதைத் தேடிப் படிக்கிறார். பேருந்தில் ஏறியவர்களை மட்டும் கேட்டிருக்கிறார்களா, ஏற முடியாமல் நின்றவர்களையும் கேட்டிருக்கிறார்களா என்று அந்தப் பத்தியில் குறித்துக்கொண்டே வருகிறார். அவருடைய இடைவெளி கிடைத்தால் அங்கேதான் கிடைக்கும். அதன்பின் முன்னாய்வுப் பகுதியை ஆள் ஆளாக எழுதாமல், 'செலவு மிச்சம் பற்றிப் பேசியவர்கள்', 'பாதுகாப்பு பற்றிப் பேசியவர்கள்', 'வேலை பற்றிப் பேசியவர்கள்' என்று கூட்டம் கூட்டமாக எழுதலாம்.

நோக்கங்கள்

என் சொந்த முன்மொழிவில் பதினொரு நோக்கங்கள் இருந்தன. எண்ணிக்கை கூடினால் உழைப்பு கூடுதலாகத் தெரியும் என்று நினைத்தேன். வெளியிலிருந்து வந்திருந்த நிபுணர் ஒருவர் பேனாவை எடுத்து ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டே வந்தார். முதல் நோக்கம்: 'பதிலளிப்போரின் சமூகப் பொருளாதாரப் பின்னணியை அறிதல்'. "இது நோக்கமாம்மா? யாரைக் கேட்டாலும் இதைக் கேட்டுத்தானே ஆகணும்?" என்றார். அடித்தார். பதினொன்றாவது: 'தகுந்த பரிந்துரைகளை வழங்குதல்'. "இது ஆய்வு முடிஞ்சதும் தானா வர்றது." அதையும் அடித்தார். நடுவில் இருந்தவற்றில் நான்கு, ஒரே விஷயத்தை வேறு வேறு வினைச்சொல்லில் சொன்னவை: 'அறிதல்', 'ஆராய்தல்', 'கண்டறிதல்', 'மதிப்பிடுதல்'. கடைசியில் தாளில் மூன்று மிஞ்சின. அன்றைக்கு எனக்குக் கண்ணீர் வராத குறை. இப்போது என் மாணவர்களுக்கு நானே அதே பேனாவைத் தூக்குகிறேன்.

மூன்று போதும், நான்கு இருந்தால் அதிகம். ஒவ்வொரு நோக்கத்துக்கும் எதிரே, எந்தத் தரவு இதற்குப் பதில் சொல்லும் என்று பென்சிலால் எழுதிப் பாருங்கள். எழுத முடியாதது நோக்கம் இல்லை, ஆசை.

கருதுகோளுக்கும், அதாவது தரவை வைத்துச் சோதிக்கப்போகும் ஊகத்துக்கும், இதே கதைதான். எல்லா ஆய்வுக்கும் கருதுகோள் தேவையில்லை. எண்ணால் அளந்து ஒப்பிடும் ஆய்வுக்குத் தேவை, நேர்காணல் வழியாக ஒன்றைப் புரிந்துகொள்ளும் ஆய்வுக்குப் பெரும்பாலும் தேவையில்லை. 'பாலினத்துக்கும் திருப்தி நிலைக்கும் இடையே குறிப்பிடத்தக்க தொடர்பு இல்லை' என்ற வரி நம்மூரில் ஒரு முன்மொழிவிலிருந்து இன்னொன்றுக்குத் தாவிக்கொண்டே இருக்கிறது. பெண்கள் மட்டும் பயன்படுத்தும் ஒரு திட்டத்தைப் பற்றிய முன்மொழிவில் இதே வரி அப்படியே உட்கார்ந்திருந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

முறையியல்: கமிட்டி கடிக்கும் இடம்

எத்தனை பேரைக் கேட்பீர்கள் என்ற கேள்வி கட்டாயம் வரும். நம்மூரில் வழக்கமாகச் சொல்லும் பதில் யமனே சூத்திரம். மொத்த எண்ணிக்கையை, ஒன்றோடு மொத்த எண்ணிக்கையையும் பிழை அளவின் வர்க்கத்தையும் பெருக்கிக் கூட்டியதால் வகுப்பது. 5,000 பேர் உள்ள இடத்தில், பிழை 5 சதவீதம் என்றால், 5,000ஐ 13.5ஆல் வகுக்க 370 வரும். எல்லோரும் இதையே போடுகிறார்கள். ஆனால் இந்தச் சூத்திரம் பொருந்துவது, ஒரு மக்கள்தொகையில் எத்தனை சதவீதம் பேர் இப்படி என்று மதிப்பிடவும், குலுக்கல் முறையில் ஆட்களைத் தேர்ந்தெடுக்கவும் செய்யும்போதுதான். 370 என்று கணக்குப் போட்டுவிட்டு, அடுத்த வரியிலேயே 'வசதி மாதிரி முறையில் தேர்ந்தெடுக்கப்படுவர்' என்று, அதாவது கைக்கு எட்டியவர்களை எடுப்பதாக, எழுதினால் இரண்டும் ஒட்டாது.

நம் மாணவி செய்யப்போவது இரண்டு குழுக்களின் சராசரியை ஒப்பிடுவது. அதற்கு ஜி-பவர் என்று ஓர் இலவச மென்பொருள் இருக்கிறது. நடுத்தர அளவு வேறுபாடு, 5 சதவீதப் பிழை வரம்பு, 80 சதவீதத் திறன் (வேறுபாடு உண்மையிலேயே இருந்தால் அது கண்ணில் படும் வாய்ப்பு) என்று கொடுத்தால் ஒரு குழுவுக்கு 64 பேர் என்று காட்டும். ஒரே ஊர்க்காரர்கள் ஒருவர்போல் ஒருவர் இருப்பார்கள் என்பதால் அதைவிடக் கூடுதலாக எடுக்க வேண்டும், ஒன்றிரண்டு ஊரோடு நிற்காமல் பல ஊர்களிலிருந்தும் எடுக்க வேண்டும். குழுவுக்கு 80 என்று வைப்போம், மொத்தம் 160. இந்த இடத்தில் புள்ளியியல் துறையில் ஒருவரைப் பிடித்து ஒரு டீ வாங்கிக்கொடுத்து அரை மணி நேரம் பேசுவது, பிற்பாடு ஆறு மாதம் புலம்புவதைவிட மேல். தரவு சேகரித்து முடித்தபின் போனால் அவரால் ஒன்றும் செய்ய முடியாது.

அடுத்தது, யாரும் எதிர்பார்க்காத இடத்தில் வரும் அடி. 'திட்டத்துக்கு முன், திட்டத்துக்குப் பின்' என்று ஒப்பிடலாமே என்று தோன்றும். நாட்களைப் பாருங்கள். கட்டணமில்லாப் பயணம் தொடங்கியது 2021 மே 8. முழு ஊரடங்கு தொடங்கியது மே 10. பேருந்தே ஓடவில்லை. அதற்கு முந்தைய ஆண்டும் கொரோனா ஆண்டு. அப்படியானால் எந்த 'முன்'னோடு ஒப்பிடுவீர்கள்? 2019ஐ நினைவுபடுத்திச் சொல்லச் சொன்னால், இத்தனை வருடம் கழித்து அந்த அம்மாவுக்கு எவ்வளவு துல்லியமாக ஞாபகம் இருக்கும்? வேலை மாறியதற்குக் காரணம் பேருந்தா, கொரோனாவில் மூடிய மில்லா? ஆகவே முன்-பின் ஒப்பீட்டை மட்டும் நம்பாமல், ஒரே காலத்தில் இரண்டு வகை ஊர்களை ஒப்பிடுவதாக மாணவி வடிவத்தை மாற்றிக்கொள்கிறார். அதிலும் ஓட்டை இருக்கிறது. சாலையோர ஊரில் பேருந்து மட்டுமா கூடுதல்? கடை, பள்ளிக்கூடம், மில் வேன் எல்லாமே கூடுதல். இந்த ஓட்டையை மறைக்காமல் 'ஆய்வின் வரம்புகள்' பகுதியில் எழுதிவிடுங்கள். நீங்களே எழுதிவிட்டால் கமிட்டி உங்களோடு சேர்ந்து வழி யோசிக்கும். அவர்களாகக் கண்டுபிடித்தால் உங்களைத்தான் பிடிப்பார்கள்.

தரவு உண்மையிலேயே கையில் கிடைக்குமா என்றும் முன்மொழிவு எழுதும்போதே பார்த்துவிட வேண்டும். எந்தத் தடத்தில் எத்தனை நடை என்ற விவரத்துக்குப் பணிமனையில் கேட்கலாம். தராவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. 10 ரூபாய் கட்டணம், 30 நாளில் பதில் தர வேண்டும். மனுவை இன்றே போட்டுவிட்டால், முன்மொழிவைச் சமர்ப்பிக்கும்போது 'தரவு கேட்கப்பட்டுள்ளது' என்று நாளோடு எழுதலாம். அந்த ஒரு வரி, இவர் உண்மையிலேயே செய்யப்போகிறார் என்று காட்டிவிடும்.

கேள்வித்தாளோடு ஓடுவது மட்டுமே முறையியல் என்று நினைக்க வேண்டாம். இலக்கியம் படிப்பவர் எந்தப் பதிப்பை எடுக்கிறார், பாடவேறுபாடு வந்தால் என்ன செய்வார், உரையாசிரியர்களில் யாரைப் பின்பற்றுவார் என்பதுதான் அவருடைய முறையியல். 'விளக்கமுறை ஆய்வு' என்ற ஒற்றைச் சொல்லோடு அங்கே பலர் நிறுத்திவிடுகிறார்கள்.

காலமும் காசும்

அட்டவணையில் 'தரவு சேகரிப்பு: 3 மாதம்' என்று போடாமல், உட்கார்ந்து கணக்குப் போடுங்கள். 160 பெண்கள். வேலைக்குப் போகிறவர்கள் வீட்டில் இருப்பது சாயங்காலம் ஆறுக்கு மேல், இல்லை ஞாயிற்றுக்கிழமை. ஒருவரிடம் பேச அரை மணி, அடுத்த வீடு தேட கால் மணி. ஒரு நாளைக்கு நான்கு பேரைப் பார்த்தால் பெரிது. 40 நாள் ஆகிறது. இரண்டு முறை மட்டும் பேருந்து வரும் ஊருக்கு நீங்களும் அதே பேருந்தில்தான் போக வேண்டும். சாயங்காலப் பேருந்தில் உள்ளே போனால் ராத்திரி திரும்புவது எப்படி? தெரிந்தவர் வீட்டில் தங்கலாமா, வண்டி வேண்டுமா? பெண் ஆய்வாளர்களுக்கு இது வெறும் செலவுக் கணக்கு இல்லை, வீட்டில் அனுமதி வாங்கும் கணக்கும்கூட. அப்புறம் நடவுக் காலம், ஊர்த் திருவிழா, தேர்தல். தேர்தல் நேரத்தில் அரசுத் திட்டத்தைப் பற்றிக் கேள்வித்தாளோடு போய் நின்றால் எந்தக் கட்சி என்றுதான் முதலில் கேட்பார்கள்.

பிஎச்.டி. என்றால் இப்போதைய விதிப்படி குறைந்தது 3 ஆண்டு, பொதுவாக அதிகபட்சம் 6 ஆண்டு. முதுகலை ப்ராஜெக்ட் என்றால் கையில் இருப்பது நான்கு மாதம். 160 பேர் பிஎச்.டி.க்குச் சரி. ப்ராஜெக்ட்டுக்கு இரண்டே ஊர், ஊருக்குப் பத்துப் பேர், ஆழமான நேர்காணல் என்று வடிவத்தையே மாற்றுவது புத்திசாலித்தனம்.

சம்மதம் பற்றிச் சுருக்கமாக. மனிதர்களைக் கேட்டு எழுதும் எந்த ஆய்வுக்கும், யார் நீங்கள், எதற்குக் கேட்கிறீர்கள், விருப்பமில்லை என்றால் பதில் சொல்ல வேண்டாம் என்பதைத் தமிழில் ஒரு பக்கத்துக்குள் எழுதிப் பின்னிணைப்பாக வையுங்கள். உடல்நலம் தொடர்பான ஆய்வு என்றால் நிறுவன நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் வேண்டும். ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) 2017இல் வெளியிட்ட வழிகாட்டு நெறிகளைப் படித்துவிட்டுப் போங்கள். சாதி, தொலைபேசி எண் போன்றவற்றை உங்கள் கேள்விக்குத் தேவையில்லை என்றால் கேட்கவே கேட்காதீர்கள்.

மொழி, திருட்டு, கருவி

தமிழ் வழியில் படித்தவர்கள் ஆங்கிலத்தில் முன்மொழிவு எழுதும்போது இரண்டு தடவை தடுமாறுகிறார்கள், யோசனையில் ஒருமுறை, வாக்கியத்தில் ஒருமுறை. இரண்டையும் பிரித்துவிடுங்கள். முதலில் ஒரே ஒரு பக்கம் தமிழில் எழுதுங்கள்: எனக்கு என்ன தெரிய வேண்டும், ஏன் இன்னும் தெரியவில்லை, எப்படித் தெரிந்துகொள்வேன். அது தெளிவான பிறகு ஆங்கிலத்தில் சின்னச் சின்ன வாக்கியமாக எழுதினால் போதும். ஆங்கிலம் சரியில்லை என்று பயந்து அடுத்தவர் பத்தியை எடுத்து ஒட்டுகிறவர்கள்தான் அதிகம் மாட்டுகிறார்கள். யுஜிசியின் 2018ஆம் ஆண்டு விதிப்படி ஆய்வேட்டில் பிறர் எழுத்தோடு உள்ள ஒற்றுமை 10 சதவீதம்வரை என்றால் தண்டனை இல்லை. 10க்கு மேல் 40வரை என்றால் திருத்திக் கொடுக்க வேண்டும், 40க்கு மேல் 60வரை ஓராண்டு தடை, 60ஐத் தாண்டினால் பதிவே ரத்து. முன்மொழிவில் ஒட்டியதுதான் பின்னால் முதல் இயலாக வளர்கிறது, அதனால் பழக்கத்தை இங்கேயே நிறுத்திவிடுங்கள்.

சாட்ஜிபிடி மாதிரியான கருவிகளைக் கேட்டு மேற்கோள் பட்டியல் வாங்குகிறவர்களும் உண்டு. ஆசிரியர் பெயர், இதழ், ஆண்டு எல்லாம் அழகாக வரும். தேடினால் அப்படி ஒரு கட்டுரையே இருக்காது. கமிட்டியில் ஒருவர் "இந்தக் கட்டுரையை நான் பார்த்ததில்லையே, அனுப்புங்க" என்று சொன்னால் கதை முடிந்தது. நீங்கள் கண்ணால் பார்க்காத எதையும் பட்டியலில் சேர்க்காதீர்கள். சொட்டீரோ என்ற இலவச மென்பொருளை முதல் நாளே நிறுவிக்கொண்டால், படித்தவை எல்லாம் அங்கே சேர்ந்துவிடும். பட்டியலை அதுவே போட்டுத்தரும்.

நெறியாளரோடு

நெறியாளர் பிஸியாக இருப்பார். இணைப் பேராசிரியர் ஒருவருக்கு ஆறு பிஎச்.டி. மாணவர்கள்வரை இருக்கலாம், அதற்கு மேல் வகுப்பு, விடைத்தாள், அலுவலக வேலை. "சார், என் சினாப்சிஸ் எப்படி இருக்கு?" என்று கேட்டால் "நல்லா இருக்கு, இன்னும் கொஞ்சம் டெவலப் பண்ணுங்க" என்ற பதில்தான் வரும். "சார், இரண்டு கேள்வியில் எதை எடுக்கலாம்னு இந்த ஒரு பக்கத்தில் எழுதியிருக்கேன்" என்று கேளுங்கள். பத்து நிமிடத்தில் முடிவு சொல்லிவிடுவார்.

அவர் தன் பழைய தலைப்பையே உங்கள் தலையில் கட்டினால்? முழுதாக மறுக்கத் தேவையில்லை. அவர் துறைக்குள்ளேயே உங்கள் கேள்வியை நுழைக்க முடியுமா என்று பாருங்கள். அவருக்குக் கொஞ்சமும் தெரியாத துறையில் அவரிடம் ஆய்வு செய்வது உங்களுக்கும் நல்லதில்லை. ஆனால் உங்களுக்குத் துளியும் ஆர்வமில்லாத ஒன்றை ஏற்றுக்கொண்டு மூன்று வருடம் இழுத்தவர்களையும் நான் அறிவேன். இதைப் பேச வேண்டிய நேரம் பதிவுக்கு முந்தைய வாரம்தான்.

கமிட்டி நாள்

பத்து நிமிடம் கொடுப்பார்கள். அதில் அறிமுகத்துக்கே ஏழு நிமிடம் போய்விடும். திரையின் முதல் பக்கத்திலேயே கேள்வியைப் போட்டுவிடுங்கள். அவர்கள் சொல்வதற்கெல்லாம் "சரி சார்" என்று தலையாட்டாமல் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். இரண்டு பேர் முரணாகச் சொல்வதும் நடக்கும். அங்கேயே, "மேடம் இப்படிச் சொல்றாங்க, சார் அப்படிச் சொல்றீங்க, எதை எடுத்துக்கட்டும்?" என்று பணிவாகக் கேட்டுவிடுங்கள். விட்டால் அடுத்த கூட்டத்தில் இரண்டு பேருமே கோபப்படுவார்கள். திருத்திக் கொடுக்கும்போது, என்ன சொன்னார்கள், எந்தப் பக்கத்தில் மாற்றினேன் என்று ஒரு அட்டவணையை மேலே வைத்துக் கொடுங்கள்.

தலைப்பை அதற்கப்புறம் எழுதுங்கள். பேருந்து மாணவியின் முகப்புப் பக்கம் கடைசியில் இப்படி வந்திருக்கும்: 'பேருந்தின் எண்ணிக்கையும் பெண்களின் வேலைத் தொலைவும்: அருப்புக்கோட்டை வட்டாரத்தில் கட்டணமில்லா நகரப் பேருந்துப் பயணம்'. வாலைக் காணோமே என்று அலுவலகத்தில் யாராவது கேட்டால், 'ஓர் ஆய்வு' என்பதைப் பேனாவால் சேர்த்துக்கொடுத்துவிட்டு வந்துவிடலாம்.